பழசே போதும்

"பழசையே திருப்பிப் போட்டுக் குடுங்க தம்பி," என்றார் செல்லசாமி.

ஷிஹாம் திருப்புளியை மேசையில் வைத்தான். ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை அவனுடையது. ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து இப்போதுதான் ஷட்டரைத் தூக்கியிருந்தான். அதற்கு முன்பே செல்லசாமியும் மூத்த மகள் தனுஷிகாவும் மழையில் நனைந்துகொண்டு வாசலில் நின்றிருந்தார்கள்.

"அண்ணே, செவ்வாக்கிழமை நீங்க கொண்டாந்தப்பவே சொன்னேன். இந்தப் பழைய சிஸ்டத்தை செஞ்சவங்களே கைகழுவிட்டாங்க. அம்மா குவைத்துல இருந்து எடுக்கிற இன்டர்நெட் கோல் இன்னையில இருந்து இதுல வராது. அதான் வேற டிஸ்க்ல புதுசு ஏத்திப் போட்டு வச்சிருக்கேன். பழைய டிஸ்க்கும் பத்திரமா இருக்கு. பிடிச்சா வச்சுக்குங்க, பிடிக்காட்டி கழட்டிடுறேன்."

ஒரு பக்கக் கீல் உடைந்து, ரப்பர் பட்டியில் நிற்கிற லெப்டொப் அது. குவைத்தில் வேலை செய்யும் வீட்டில் கழித்துப்போட்டதை, மகளின் படிப்புக்கென்று செல்லசாமியின் மனைவி லெட்சுமி யாரிடமோ கொடுத்தனுப்பி இரண்டு வருஷமாகிறது. நவம்பர் மண்சரிவில் தேயிலைத் தோட்டத்தில் அவர்கள் குடியிருந்த லயம் போனது. போனும் போனது. இது தனுஷிகாவின் டியூஷன் பைக்குள் இருந்ததால் தப்பியது.

"இன்னொரு விஷயம்," ஷிஹாம் சிரித்தான். "இத்தனை நாள் வேலை செய்யாத கெமரா இப்ப வேலை செய்யுது. இனி அம்மா உங்க முகத்தைப் பாத்தே பேசலாம்."

இந்த இடத்தில் எல்லா வாடிக்கையாளர்களும் சிரிப்பார்கள். இவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கெமரா இல்லாம புதுசு போட ஏலாதா, ஷிஹாம் நானா?" தனுஷிகா மெதுவாகக் கேட்டாள்.

"என்ன தங்கச்சி, கெமராவை சரி பண்ணச் சொல்லி வர்றவங்களத்தான் நான் பாத்திருக்கேன்."

"அவளுக்கு அக்ரிமெண்டுல இன்னும் எட்டு மாசம் இருக்கு," என்றார் செல்லசாமி, தரையைப் பார்த்தபடி. "அதுவரைக்கும் இப்படியே போகட்டும்."

ஷிஹாமுக்கு விஷயம் பிடிபட்டது போலிருந்தது. "முகாம்ல இருக்கிறதைப் பாத்தா அம்மா அழுவாங்கன்னு யோசிக்கிறீங்களா? நானும் பாத்தவன்தான் அண்ணே. பள்ளிவாசல்ல இருந்து சோத்துப் பார்சல் ஏத்திக்கிட்டு அன்னைக்கு உங்க தோட்டத்துக்கு வந்தேன். ஆறு சவப்பெட்டியை வரிசையா வச்சிருந்தாங்க. நீங்க தப்பினதே பெரிசு. அதைச் சொல்லுங்க அவங்களுக்கு."

செல்லசாமி தலையை ஆட்டினார். ஆமாம் என்றா இல்லை என்றா, தெரியவில்லை.

"பழசைப் போட்டா கோலே வராது. புதுசுன்னா முகம் தெரியும். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. இல்லாட்டி பாவிச்ச பழைய போன் ஒண்ணு தாரேன், மெதுவா காசு குடுங்கன்னு அன்னைக்கே சொன்னேன். அதையும் வேணாம்னுட்டீங்க."

"போன்லயும் முகம் தெரியும்ல," என்றாள் தனுஷிகா.

ஷிஹாம் பேச்சை மாற்றினான். "கோல் எத்தனை மணிக்கு?"

"மூணுக்கு," என்றாள் தனுஷிகா. "வெள்ளிக்கிழமை மட்டும்தான் அந்த வீட்டுல விடுவாங்க. அம்மா முதல்ல தங்கச்சி பாப்பாகிட்டத்தான் பேசுவாங்க. அது பேசினாத்தான் மத்தவங்களை விசாரிப்பாங்க."

"அப்ப பாப்பாவையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே. புதுசு எப்படியிருக்குன்னு இங்கயே பாத்திருக்கலாம்."

"மழை," என்றார் செல்லசாமி.

பிறகு அவராகவே, "கழட்டிடுங்க தம்பி," என்றார். "கோல் வராட்டிப் பரவாயில்ல. சிஸ்டம் கெட்டுப்போச்சுன்னு தெரிஞ்சுக்கட்டும்."

இப்படி ஒரு பிடிவாதத்தை ஷிஹாம் பார்த்ததில்லை. அங்கே ஒருத்தி ஊரான் வீட்டுப் பாத்திரம் தேய்த்துவிட்டு வாரம் முழுக்க வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்கிறாள். இங்கே இந்த மனுஷனுக்குக் கெமராவுக்கு வெட்கம். திருப்புளியை எடுத்தான்.

அப்போது லெப்டொப் ஒலித்தது. இன்று இருபது நிமிஷம் முந்தி.

"எடுக்காதீங்க நானா," என்று தனுஷிகா சொல்லி முடிப்பதற்குள் அவன் விரல் பொத்தானை அழுத்தியிருந்தது. ஒருமுறை பார்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் அழுத்தினான்.

திரையில் தலையில் முக்காடு போட்ட ஒரு பெண். பின்னால் பளபளக்கும் சமையலறை. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மூஞ்சி தெரியுதுங்க," என்றாள் லெட்சுமி. "ஏங்க இப்படிக் கறுத்துப்போனீங்க? அடியே தனு, என்னைவிட வளந்துட்டியே. இது எந்த இடம்?"

"கடை. சரி பண்ண வந்தோம்," என்றார் செல்லசாமி.

"பாப்பா எங்க? முன்னுக்கு வரச் சொல்லுங்க."

செல்லசாமி தனுஷிகாவைத் திரும்பிப் பார்த்தார். தனுஷிகா கெமராவில் படாமல் நழுவி, பழைய பிரிண்டர்கள் அடுக்கிய அலமாரிக்குப் பின்னால் போனாள்.

"வர மாட்டேன் போம்மா," அங்கிருந்து ஒரு சின்னப்பிள்ளையின் குரல் வந்தது. "எனக்கு முன்பல்லு விழுந்திருச்சு. நீ சிரிப்ப."

பாப்பா எப்போது கடைக்குள் வந்தாள் என்று ஷிஹாம் எட்டிப் பார்த்தான். அங்கே தனுஷிகா மட்டும்தான் நின்றாள், கண்களை இறுக மூடி, சால்வையைக் கைக்குள் கசக்கிக்கொண்டு. அன்றைக்குத் தோட்டத்தில் பார்த்த ஆறு பெட்டிகளில் ஒன்று மட்டும் மற்றவற்றில் பாதி அளவுதான் இருந்தது என்பது அவனுக்கு நினைவு வந்தது.

"சிரிக்க மாட்டேன்டி தங்கம்," என்றாள் லெட்சுமி, சிரித்துக்கொண்டே. "சரி, வெக்கமா இருந்தா அங்கேயே இரு. அக்காவை வரச் சொல்லு."