மஞ்சள் ஷூ

மஞ்சள் ஷூவைக் காணோம்.

சறுக்குமரத்தடியில் இல்லை, ஊஞ்சல் பக்கம் இல்லை, மணல் தொட்டியிலும் இல்லை. பூங்காவின் இந்த மூலையில் மட்டும் பதினைந்து பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். கறுப்பு, வெள்ளை, சிவப்பு என்று எல்லா நிறத்திலும் ஷூ ஓடியது, மஞ்சளைத் தவிர.

கடை கடையாக ஏறி இறங்கி, கண்ணைப் பறிக்கிற மஞ்சளில் அவளே தேடி வாங்கியது. மகளின் ஐந்தாவது பிறந்தநாளுக்கு இப்படியா பளிச்சென்று வாங்குவாய் என்று வீட்டில் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். காலையிலிருந்து அந்த இரண்டு மஞ்சளை விட்டு அவள் கண்ணை எடுக்கவே இல்லை. ஒரே ஒரு தடவை, கேக் பெட்டியைப் பிரிக்கக் குனிந்தாள். பாழாய்ப்போன முடிச்சு ஐந்து நிமிடம் இழுத்தடித்துவிட்டது.

"என்ன தேடுற?"

பின்னால் நின்ற பெண்ணை ஒரு கணம் வெறுமனே பார்த்தாள். குரல் காதில் இறங்கிய பிறகுதான் சிரிப்பை வரவழைத்தாள். நாத்தனார்.

"ஒண்ணுமில்ல அண்ணி. தீப்பெட்டி."

"மேஜை மேலயே இருக்கு. எதிர்ல இருக்கறது என்னிக்குத்தான் உன் கண்ணுல பட்டிருக்கு? அது கிடக்கட்டும், நான் வாங்கிட்டு வந்தது எப்படி இருக்கு? வாயே தெறக்கல நீ."

நாத்தனார் கொண்டுவந்த பரிசை அவள் இன்னும் பார்க்கவே இல்லை. "ரொம்ப நல்லா இருக்கு அண்ணி" என்று சொல்லி வைத்தாள்.

"சரி, பிள்ளைகளைக் கூப்பிடு. கேக் வெட்டணும்."

காணோம் என்று சொல்ல வாய் வரவில்லை. எப்படி வரும்? போன மாதம் ஒரு கடையில் பில் போட்டுவிட்டுத் திரும்பியவள், யாரோ பெற்ற பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டாள். அந்தத் தாய் போட்ட கூச்சலில் கடையே கூடிவிட்டது.

அன்றைக்கே கணவன் கறாராகச் சொல்லிவிட்டான். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, குழந்தை அக்கா வீட்லதான் வளரும்." நாத்தனார் வீட்டில் அறைகூட ஒழித்து வைத்தாயிற்று. பராக்குப் பார்க்கிறவள் என்று குடும்பத்தில் அவளுக்குப் பெயர். உண்மைக் காரணத்தைச் சொல்வதைவிட அந்தப் பெயரே தேவலை என்று அவளும் விட்டுவிட்டாள்.

ஓடினால் நாத்தனாருக்குத் தெரிந்துவிடும். அதனால் நடக்கிற மாதிரி ஓடினாள். புதரை விலக்கிப் பார்த்தாள், கழிப்பறைக் கதவுகளைத் தட்டினாள். நீரூற்றுத் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். முழங்கால் அளவுத் தண்ணீர்தான், ஆனால் ஐந்து வயதுக்கு அது போதுமே! தொட்டியில் இரண்டு இலைகள்தான் மிதந்தன.

பின்னாலேயே பீப்பீ என்று சத்தம். நீல கவுனும் காகிதக் கிரீடமுமாக ஒரு பாப்பா, வாயில் ஊதலோடு அவளைத் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது.

"தள்ளிப் போ பாப்பா. உங்கம்மா தேடுவாங்க."

ஊதல் சத்தம் நின்றது. அதற்குள் அவள் வாசலை எட்டிவிட்டாள். வாசலுக்கு வெளியே பெரிய சாலை. பஸ்ஸும் லாரியும் பறந்தன.

"ஐயா, அஞ்சு வயசுப் பொண்ணு, மஞ்சள் ஷூ, கோடு போட்ட சட்டை. இந்தப் பக்கம் வந்துதா?"

காவலாளி நாற்காலியை விட்டு எழுந்தார். "பதறாதம்மா. பேரைச் சொல்லு, மைக்ல சொல்லிடலாம்."

"மைக் வேணாங்க! உங்க கால்ல வேணா விழறேன், மைக் மட்டும் வேணாம்!"

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "பிள்ளையைக் காணோங்கற, மைக் வேணாங்கற. நீ பெத்தவதானா?"

அவ்வளவு நேரம் பிடித்து வைத்திருந்த அழுகை உடைந்துவிட்டது. காலையில் எடுத்த படத்தைக் கைப்பேசியில் திறந்து நீட்டினாள். தூரத்தில் நாத்தனாரின் குரல் கேட்டது. "எல்லாரும் வாங்க, கேக் வெட்டலாம்! பிறந்தநாள் பொண்ணு எங்க?"

போச்சு. எல்லாம் போச்சு.

காவலாளி கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு படத்தைப் பார்த்தார். பிறகு அவளுக்குப் பின்னால் குனிந்து பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"ஏம்மா, வயசான மனுஷன்கிட்ட விளையாடறியா?"

அவள் திரும்பினாள். அதே நீல கவுன் பாப்பா, மூச்சிரைக்க நின்றிருந்தது. காலில் புத்தம்புது வெள்ளை ஷூ. கேட்க வேறு யாரும் இல்லாத கொடுமையில் அதனிடமே குனிந்தாள்.

"செல்லம், மஞ்சள் ஷூ போட்ட ஒரு பொண்ணைப் பாத்தியா?"

குழந்தை கேக் மேஜைப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தது. அங்கிருந்து யாரும் கவனிக்கவில்லை. ஊதலை வாயிலிருந்து எடுத்தது, அவள் தோள்பையின் வாரைப் பிடித்து இன்னும் கீழே இழுத்தது, காதோடு காதாகச் சொன்னது:

"அழாதம்மா, நான்தான். மூஞ்சிய வெச்சு உனக்குத் தெரியாதுல்ல, அத்தை சட்டையையும் ஷூவையும் மாத்திட்டாங்க."