ஏழாம் எண் தூண்

எங்கள் ஸ்டேஷனில் இரண்டே நடைமேடைகள் இருந்த காலத்தில், அவற்றுக்கு எண் எழுத வந்த பெயிண்டர் என் அப்பா. ஒன்று, இரண்டு எழுதி முடித்தவர், தள்ளிப் புதருக்குள் சும்மா நின்ற ஒரு சிமெண்ட் தூணில் ஏழு என்றும் எழுதிவிட்டார்.

"என்னய்யா, மூணுலேர்ந்து ஆறு வரைக்கும் எலி தூக்கிட்டுப் போயிடுச்சா?" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். ஸ்டேஷனே சிரித்தது.

"வரும் சார்," என்றார் அப்பா.

வந்தது. நான் பிரஷ் பிடித்த வருடம் மூன்றும் நான்கும் வந்தன. என் கல்யாணத்துக்குப் பிறகு ஐந்தும் ஆறும். மேம்பாலம் வந்தது, மின்படிக்கட்டு வந்தது, எட்டுப் பெட்டி ரயில் பன்னிரண்டு பெட்டியானது. மூன்றிலிருந்து ஆறு வரை எழுதியது என் கை.

போன மாதம் ஏழாம் நடைமேடையைக் கட்டி முடித்தார்கள். அந்தத் தூண் அதன் நட்டநடுவில் நின்றது.

"நீங்க எழுத வேண்டியதே இல்லம்மா. அளந்து வெச்ச மாதிரி இருக்கு," என்றார் என்ஜினியர்.

"எங்கப்பா கையாச்சே சார்!" எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

இன்று காலை திறப்பு விழா. வேலிக்கு அப்பால் ஒரு பாறையில் பன்னிரண்டு என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். இரண்டின் வாலை அப்பாவைத் தவிர யாரும் அப்படிச் சுழிக்க மாட்டார்கள். அப்பா போய்ப் பத்தொன்பது வருடமாகிறது. தொட்டுப் பார்த்தேன். விரலில் ஈர வெள்ளைப் பெயிண்ட் ஒட்டியது.

அதைத் துடைக்காமலே என்ஜினியரிடம் போனேன்.

"வேலியை நிரந்தரமா போட்டுடாதீங்க சார்."