நடுக்கோடு

என் விரலுக்கும் நடுக்கோட்டுக்கும் இடையில் ஒரு சாண் மண் இருந்தது.

முதுகில் இரண்டு பேர் கிடந்தார்கள். இன்னொருவன் இடது காலைக் கட்டிப் பிடித்திருந்தான். நான் வாயில் மண்ணோடு 'கபடி, கபடி' என்று பாடிக்கொண்டிருந்தேன்.

காரியாபட்டி சந்தைத் திடல். எழுபத்திரண்டாம் வருஷம், தை மாதம். கல்லூரிகளுக்கு இடையிலான கபடிப் போட்டியின் இறுதி ஆட்டம்.

இரண்டு பக்கமும் புள்ளி சமம். இதுதான் கடைசிப் பாட்டு. மூச்சு விடாமல் கோட்டைத் தொட்டுவிட்டால் என்னைப் பிடித்திருக்கும் மூன்று பேரும் அவுட். கோப்பை எங்கள் அருப்புக்கோட்டைக் கல்லூரிக்கு.

கையை நீட்டினால் எட்டும்.

நான் நீட்டவில்லை.

அதற்கு முந்தின வருஷம் வரை எங்கள் அணி முதல் சுற்றைத் தாண்டியது கிடையாது. காலையில் போவோம், தோற்போம், மத்தியான பஸ்ஸில் திரும்பிவிடுவோம். அணியில் பாதிப் பேர் என்னைப்போல நெசவுக்கார வீட்டுப் பையன்கள். வீட்டில் கன்னடம்தான் பேசுவோம்.

எங்கள் பயிற்சியாளர் தங்கசாமி சார் அதைப் பிடித்துக்கொண்டார். களத்திலும் கன்னடத்திலேயே பேசிக்கொள்ளுங்கள், எதிரிக்குப் புரியாது என்றார். பிறகு எங்களிடம் ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டு அவரும் கற்றுக்கொண்டார். அவர் பேசினால் அது எந்த ஊர் பாஷை என்றே தெரியாது. நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். எங்களோடு சேர்ந்து அவரும் சிரிப்பார்.

ஆடி மாதத்தில் ஒருநாள் எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

"கவர்மெண்டு பள்ளிக்கூடத்துல வேலை கெடச்சிருக்குப்பா. எட்டயபுரத்துக்கு அங்கிட்டு. இந்த சீசன் முடியிற வரைக்கும் இருக்கேன்."

கல்லூரியில் அவருக்குச் சாயந்தர வேலை மட்டும்தான். அதுவும் தற்காலிகம். வீட்டில் மூன்று பிள்ளைகள். போகாதீர்கள் என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

தோற்ற அணி வெளியே போய்விட வேண்டும் என்பதுதான் போட்டியின் விதி. என்றைக்குத் தோற்கிறோமோ அன்றைக்கு சீசன் முடிந்தது.

எங்கள் கேப்டன் வேங்கடபதிதான் அதை முதலில் கண்டுபிடித்தான். "ஏலே, ஜெயிச்சா அடுத்த ஆட்டம் வரைக்கும் இருப்பாகல்ல?"

ஜெயித்தோம்.

விருதுநகரில் ஜெயித்தோம். திருச்சுழியில் கரிசல் சேறு முழங்காலுக்கு ஏற, மழையில் ஜெயித்தோம். அரையிறுதியில் வேங்கடபதிக்குத் தோள் இறங்கிவிட்டது. ஒற்றைக் கையால் ஆளைப் பிடித்தான்.

ஒவ்வொரு தடவையும் சார் இன்னும் கொஞ்ச நாள் எங்களுக்குக் கிடைத்தார். பொழுது சாயும் நேரத்துக்கு மைதானத்துக்கு வருவார். சுண்ணாம்புக் கோடு கண்ணுக்கு மறையும்வரை ஆடவிடுவார். அப்புறமும் போக மனசில்லாமல் அவரைச் சுற்றி உட்கார்ந்திருப்போம். அப்படி ஒரு காலம் எனக்கு மறுபடி வாய்க்கவில்லை.

இறுதி ஆட்டத்துக்கு அப்புறம் என்ன என்று எங்களில் யாரும் யோசித்திருக்கவில்லை. குப்புறக் கிடந்தபோதுதான் எனக்கு உறைத்தது. தோற்றாலும் முடிந்தது, ஜெயித்தாலும் முடிந்தது.

என் மூச்சு நிற்கிற வரைக்கும்தான் சீசன்.

'கபடி, கபடி' என்று பாடிக்கொண்டே கிடந்தேன். குரல் தேய்ந்துகொண்டு வந்தது. நடுவர் குனிந்து என் உதட்டையே பார்த்தார். வேங்கடபதி 'சௌடையா' என்று என் பெயரைச் சொல்லிக் கத்தினான். கூட்டம் மொத்தமும் கத்தியது.

தங்கசாமி சார் கோட்டோரத்தில் வந்து குத்தவைத்து உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்த்தார். கை எட்டாததால் நான் கிடக்கவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"முட்டோ, சௌடையா" என்றார்.

முட்டோ என்றால் தொடுடா என்று அர்த்தம். அவர் பிசகில்லாமல் சொன்ன முதல் கன்னட வார்த்தை அது.

தொட்டேன்.

விசில் அடித்தார்கள். தோளில் தூக்கினார்கள், கோப்பை கொடுத்தார்கள், போட்டோ எடுத்தார்கள். எல்லாம் முடிந்து பார்த்தால் சார் ரோட்டோரமாக நின்றிருந்த ஒரு லாரியில் ஏறிக்கொண்டிருந்தார். மதுரையில் உப்பை இறக்கிவிட்டுத் தூத்துக்குடிக்குத் திரும்புகிற வண்டி. டிரைவர் வெள்ளத்துரை பந்தல்குடிக்காரர். ஆட்டம் முழுக்கக் கூட்டத்தோடு நின்று பார்த்திருக்கிறார்.

ஓடிப்போய் வண்டியை மறித்துக்கொண்டு நின்றோம்.

இன்னும் ஒரு வாரமாவது இருந்துவிட்டுப் போங்கள் சார் என்றான் வேங்கடபதி. கோப்பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தான். அழுதுவிடுவான் போலிருந்தது.

சார் எங்களைப் பார்க்காமல் எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெள்ளத்துரைதான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"இன்னும் எங்கப்பா இருக்கிறது? ஆவணியிலயே அங்க வேலையில சேந்துட்டாகளே இவுக. சாயந்தரமானா எட்டயபுரம் முக்குல நின்னு, எந்த லாரி வந்தாலும் கையக் காட்டி அருப்புக்கோட்டைக்கு ஏறிருவாக. பாதி நாளு நம்ம வண்டிதான். ஒங்ககிட்டச் சொல்லலையா?"

ஒருவர் பின் ஒருவராக விலகி வழிவிட்டோம்.

"வண்டிய எடுங்கண்ணே" என்றார் சார்.