எறும்புக்கு நெயில் பாலிஷ்

“முதல்வர் நடுவுல. நான் அவருக்கு வலப்பக்கம், புத்தகங்களோட. முன் வரிசை முழுக்க எழுதினவங்களுக்கு,” என்று நூலகர் நாற்காலிகளைத் தொட்டுத் தொட்டுச் சொன்னார். “வேதியியல் சார், நீங்க இந்த ஓரம். அடுத்தது நம்ம பழைய மாணவர், கவிதை எழுதின பேங்க்காரர். அவர் பக்கத்துல விலங்கியல் சார். சாருக்கு இந்தப் பக்கம் மேடம்.”

“நான் பின்னாடி உட்கார்ந்துக்கிறேனே,” என்றாள் விலங்கியல் பேராசிரியரின் மனைவி.

“நாற்காலிக் கணக்கு போட்டது நான். இங்கேயே உட்காருங்க.”

உட்கார்ந்தாள். நாத்தனார் இரண்டாம் வரிசையில், சரியாக அவளுக்குப் பின்னால் இடம் பிடித்தாள்.

அந்தக் கல்லூரியின் ஆசிரியர்களும் பழைய மாணவர்களும் எழுதிய புதுப் புத்தகங்களை ஆண்டுக்கு ஒரு முறை நூலக மாடியில் வெளியிடுவார்கள். முதல்வர் தலைப்பைச் சொல்லி நன்றிப் பக்கத்தை வாசிப்பார், அவ்வளவுதான். எழுதியவர் யாரும் பேசக் கூடாது. கூட்டம் சீக்கிரம் முடிய வேறு வழியில்லை.

மேஜையில் இருந்த புத்தகங்கள் எல்லாவற்றுக்கும் காக்கி அட்டை. நூலகத்துக்குள் எது வந்தாலும் நூலகர் முதலில் காகித அட்டை போட்டு, மேலே தலைப்பைச் சிவப்பு மையில் எழுதிவிடுவார். அன்று காலை அச்சகத்திலிருந்து நேராக வந்தவையும் தப்பவில்லை.

விலங்கியல் பேராசிரியரின் முகம் வாடிப்போனது. “இன்னைக்கு ஒரு நாளாவது அட்டையைக் கழட்டக் கூடாதா?”

“பத்து பேர் கை பட்டா அழுக்காயிடும் சார். உட்காருங்க.”

எறும்புகளைப் பற்றிய புத்தகம் அது. மனைவியும் இதே கல்லூரியில் விலங்கியல் படித்தவள்தான். கல்யாணம், குழந்தை என்று மேற்படிப்பு நின்றுபோனது, எறும்பு நிற்கவில்லை. சமையலறை ஜன்னலில் சர்க்கரை வைத்து, வந்த எறும்புகளின் முதுகில் நெயில் பாலிஷ் புள்ளி வைத்து, எது எங்கே போய் எப்போது திரும்புகிறது என்று வருஷக்கணக்கில் குறித்து வைத்தவள் அவள். அவர் மாலையில் வந்து கேட்பார், சண்டை போடுவார், பிறகு அதைப் பக்கங்களாக்குவார்.

நன்றிப் பக்கத்தில் தனக்கென்று ஒரே ஒரு வரி. அதைக் கேட்கத்தான் அவள் வந்திருந்தாள். வாய்விட்டுக் கேட்டதில்லை.

முதல்வர் வாசித்தார்: “எங்கள் நுண்ணோக்கியைப் பழுது பார்த்துத் தந்தவருக்கு நன்றி. படங்கள் வரைந்த மாணவிக்கு நன்றி. எங்கள் எறும்புகளுக்கு நெயில் பாலிஷ் வாங்கித் தந்த தங்கைக்கு நன்றி...”

எல்லோரும் சிரித்தார்கள். பின்னாலிருந்து தோளில் ஒரு விரல் குத்தியது.

“அண்ணி, என்னைச் சொல்லியாச்சு. ரெண்டு பாட்டிலுக்கே இந்த மரியாதைன்னா, உங்களுக்குத் தனியா ஒரு பத்தி இருக்கும் பாருங்க.”

“...அச்சகத்தாருக்கும் நன்றி,” என்று முடித்து முதல்வர் புத்தகத்தை மூடினார்.

விரல் தோளை விட்டு மெல்ல விலகியது. “எங்க அண்ணன் ஒரு மறதி மன்னன். வீட்டுக்கு வரட்டும், நான் கேக்கறேன்,” என்றாள் நாத்தனார். கேலி போன இடம் தெரியவில்லை.

“விடும்மா. புத்தகம் வந்துடுச்சே, அதுக்கு அவருக்குத்தான் நான் நன்றி சொல்லணும்,” என்று அவள் கைதட்டினாள். மற்றவர்களைவிடச் சத்தமாகவே தட்டினாள்.

ஆனால் படி இறங்கும்போது தாங்கவில்லை.

“என்னங்க, ஒரு வரி போட்டிருந்தா பக்கம் கொள்ளாதா?”

“அந்தப் பக்கத்துல உன் பேரு வரக் கூடாது. முறையில்லை.”

“நெயில் பாலிஷுக்கு முறை இருக்கு, எனக்கு இல்லையா?” அவள் குரல் உடைந்தது.

“ஐயோ, அழாதே. எல்லாம் அந்தக் காக்கி அட்டை பண்ணின வேலை. மேல வா.”

மாடியில் நூலகர், எழுதியவர்களுக்குக் கல்லூரி அனுப்பும் நன்றிக் கடிதங்களை உறையிலிட்டுப் பசை தடவிக்கொண்டிருந்தார். அன்றைய கடிதம் அன்றே தபாலுக்குப் போயாக வேண்டும் அவருக்கு.

“நல்ல வேளை வந்தீங்க மேடம். உங்க முகவரிக்கு ரெண்டு கடிதம் போகுது. ஒரே உறையில போட்டுடட்டுமா?”

“ரெண்டா? எதுக்கு?”

பேராசிரியர் புத்தகத்தை எடுத்து, நூலகர் தடுப்பதற்குள் காக்கி அட்டையை உருவினார். உள்ளே அசல் அட்டையில், தலைப்புக்குக் கீழே, எழுதியவர்கள் என்று இரண்டு பெயர்கள் இருந்தன. முதலில் இருந்தது அவள் பெயர்.

“தனித்தனியாவே அனுப்புங்க,” என்றாள் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. நூலகர் அவளுடைய உறையையும் ஒட்டித் தபால் பையில் போட்டார்.