ராகு காலத்துக்கு முன்னால் ஒரு டாக்சி

"முப்பது வருஷம் ரயில் ஓட்டுன மனுஷன், பக்கத்து ஊருக்கு டாக்சியில போறத இந்த ராஜபாளையத்துலதான் பாக்கேன் அண்ணாச்சி!"

டிரைவர் மலைச்சாமி அம்பாசிடரின் பின்கதவைத் திறந்துவிட்டுச் சிரித்தான். தனுஷ்கோடி அசரவில்லை.

"ஓட்டிச் சலிச்சாச்சுப்பா. இனி எவனாவது ஓட்டட்டும், நான் சாஞ்சு உக்காந்து வாரேன்."

"அத ரயில்லயே செய்யலாமே?"

"ஏலே, நீ வண்டிய எடு."

வாய் நீளம்தான். ஆனால் வண்டியை அலுங்காமல் ஓட்டுவான் என்பதால் தனுஷ்கோடி அவனைப் பொறுத்துக்கொண்டார்.

அவர் மனைவி வெள்ளத்தாய் வீட்டைப் பூட்டி, பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு வந்து ஏறினாள்.

"எட்டரை தாண்டிருச்சு. ஒம்பதுக்கு ராகு காலம். சீக்கிரம் போப்பா" என்று அவசரப்படுத்தினாள்.

இந்த ராகு காலப் பைத்தியம் அவளுக்குப் புதிதாகப் பிடித்தது. பத்தரைக்கு மேல் கிளம்பலாம் என்றால், பதினோரு மணிக்கு டாக்டர் எழுந்து போய்விடுவார். அவளுக்குப் பிரஷர். சனிக்கிழமைதோறும் ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டரிடம் காட்ட வேண்டும். பஸ் நெரிசல் ஆகாது. மூன்று மாதம் முன்பு வரை காலைப் பாசஞ்சரில்தான் சுகமாகப் போய்வந்தார்கள்.

அந்தப் பாசஞ்சருக்குச் சங்கரலிங்கம் டிரைவராக வந்துசேர்ந்தான். அன்றிலிருந்து டாக்சி.

சங்கரலிங்கம் அவர்களுடைய ஒரே மகன்.

புருஷன் டூட்டிக்குப் போன நாளெல்லாம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிடந்தவள் வெள்ளத்தாய். ஒரு தடவை கொதிநீராவி பட்டுக் கை வெந்து அவர் வந்தபோது, அவருக்கு முன்னால் அவள் மயங்கி விழுந்தாள். மகன் ரயில்வே பரீட்சையில் தேறியதும் அவனைச் சாமி படத்துக்கு முன்னால் நிறுத்திச் சத்தியம் வாங்கினாள். "ஆபீஸ் வேலைன்னா போ. இஞ்சின்ல கால வச்சேன்னு எனக்குத் தெரிஞ்சுது, அன்னைக்கே வேலைய விட்டுட்டு வந்துரணும்."

பையனுக்கோ இஞ்சின் என்றால் உயிர். அப்பனும் மகனும் கூட்டுச் சேர்ந்தார்கள். அவளைப் பொறுத்தவரை எட்டு வருஷமாக அவன் மதுரை ஆபீசில் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரும்போது வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. கூட்ஸ் ஓட்டிய வரைக்கும் கவலையில்லை. இப்போது உள்ளூர் பிளாட்பாரத்திலேயே வந்து நிற்கிறானே! அவள் கண்ணில் பட்டால் அவன் வேலை போச்சு, இவளுக்குப் பிரஷர் எங்கே போய் நிற்குமோ.

நல்லவேளையாக டாக்சி கைகொடுத்தது. "மூணு மாசமா பிரஷர் நல்லாக் குறைஞ்சிருக்கே, என்ன செஞ்சீங்க?" என்று போன வாரம் டாக்டரே கேட்டார். "எல்லாம் டாக்சி டாக்டர்!" என்று தனுஷ்கோடி பெருமையாகச் சொன்னார்.

ஒரே ஒரு கண்டம்தான். வழியில் ரயில்வே கேட். இவர்கள் போகிற நேரம் சொல்லிவைத்தாற்போல் மூடியிருக்கும், பாசஞ்சர் கண் முன்னாலேயே கடந்து போகும். அதற்கும் அவர் வழி கண்டுபிடித்திருந்தார். இடது பக்கம் கையை நீட்டி, "அந்தா பாரு வெள்ளத்தாயி, மலையில எம்புட்டு மேகம்! மழ கொட்டப்போகுது" என்பார். அவள் நம்ப வேண்டுமே என்று தானும் எட்டி எட்டி மலையைப் பார்ப்பார். பன்னிரண்டு வாரமாக மழை வரவில்லை. அவளும் ஏன் வரவில்லை என்று கேட்டதில்லை.

இன்றும் கேட் மூடியிருந்தது. தூரத்தில் ரயில் கூவியது. தனுஷ்கோடி கையை நீட்டினார்.

பஞ்சுப்பொதி ஏற்றிய லாரி ஒன்று இடது பக்கம் வந்து நின்று, மலையை முழுசாக மறைத்துவிட்டது.

நீட்டின கையை மடக்க முடியுமா? "அந்தா பாரு வெள்ளத்தாயி... லாரியில எம்புட்டுப் பொதி!"

"பொதிய நீங்க எண்ணிக்கிட்டு இருங்க" என்று வெள்ளத்தாய் முந்தானையை முக்காடாகப் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தாள். "நான் எம் மவனப் பாத்துட்டு வாரேன்."

தனுஷ்கோடி கையை இறக்கினார். "உனக்கு... உனக்கு எப்படி?"

"சட்டைய மாத்துனான், பனியன மாத்துனானா? முப்பது வருஷம் உங்க துணிய அலசுன கைக்கு இஞ்சின் எண்ணெ வாட தெரியாதா? தெரியும்னு சொன்னா அவன் வேலைய விட்டுருவான். பாவம், பிரியப்பட்டுப் பாக்குற வேல. அவன் பாடு எப்படியோன்னுதான் நெஞ்சு அடிச்சுக்கிட்டே கெடந்துச்சு. திடுதிப்புன்னு நீங்க டாக்சின்னு நின்னீக பாருங்க, அப்பவே புரிஞ்சுபோச்சு, இந்த வண்டிக்கு வந்துட்டான்னு. வாராவாரம் நீங்க மேகம் பாக்கையில நான் அவனப் பாத்துக்கிடுதேன். ராசா மாதிரி உக்காந்திருக்கான்."

"அப்போ... ராகு காலம்?"

இஞ்சின் சத்தம் நெருங்கியது. வெள்ளத்தாய் இறங்கிக் கேட்டை நோக்கி நடந்துகொண்டே திரும்பிச் சிரித்தாள்.

"ராகு என்னமோ ஒம்பதுக்குத்தாங்க. பாசஞ்சர் கேட்டத் தாண்டுறது எட்டே முக்காலுக்குல்ல!"