கதவுக்கு வைத்த ஈயக்குண்டு

மகளைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருவதற்குள் கௌரி வாசலை மறுபடியும் துடைத்தாள். வெள்ளவத்தையில் ஐந்தாம் மாடி வீடு. கடற்காற்றில் கதவு அடிக்காமலிருக்க, கொட்டாஞ்சேனைப் பழைய இரும்புக் கடையில் வாங்கிய நீளமான ஈயக்குண்டை முட்டுக்கொடுத்திருந்தாள். புது டைல்ஸ் கீறல் விழும் என்று அதன் அடிக்குழியில் மெழுகுதிரியை உருக்கி ஊற்றினாள். அன்றிலிருந்து அந்த இடத்தில் ஈரம் காயவில்லை.

மாப்பிள்ளையின் தகப்பன் கனகேந்திரன் கடல் அளக்கும் கப்பலில் வேலை பார்த்தவர். செருப்பைக் கழற்றும்போதே குண்டைக் கண்டுகொண்டார்.

“தங்கச்சி, இது ஆழம் பார்க்கிற குண்டெல்லோ. குழியில கொழுப்பை அப்பிக் கயித்தில இறக்குவினம். அடியில கிடக்கிறது ஒட்டிக்கொண்டு வரும். இஞ்ச கதவுக்குக் காவல் நிக்குது.”

சிரித்துவிட்டுக் கேட்டார். “உங்கட அவர் அவுஸ்திரேலியாவில எந்தப் பக்கம்?”

“மெல்பேர்ன்.”

அவுஸ்திரேலியாவுக்கென்று படகில் புறப்பட்ட கணவன் யோகநாதனிடமிருந்து இதுவரை ஒரு சேதியும் இல்லை. மெல்பேர்ன், ஊர் கேட்டபோது வெட்கத்தில் சொன்ன பொய். இப்போது மகளின் கல்யாணமே அதன்மேல் நின்றது.

கனகேந்திரன் குண்டைத் தூக்கித் திருப்பினார். மெழுகு முழுக்கச் சாம்பல்நிறச் சேறு. சேற்றில் ஒரு மூக்குக்கண்ணாடி ஒட்டியிருந்தது.

“இது கரை மண்ணில்லை, ஆழக் கடல் சேறு,” என்றார் மெதுவாக. “கண்ணாடி ஆருடையது?”

அதன் உடைந்த காலில், யோகநாதன் புறப்படுகிற அன்று கௌரி சுற்றிக்கொடுத்த சிவப்பு நூல் அவிழாமல் இருந்தது. தேத்தண்ணித் தட்டோடு வந்த மகள் அதைக் கண்டு அப்படியே நின்றாள்.

“தெரியேல்லை அண்ணை,” என்றாள் கௌரி, மகளைப் பார்க்காமல். “மேல்வீட்டுக்காரருடையதா இருக்கும்.”