பனி விலகிய நான்காம் நாள்

“அந்தக் கம்பூட்ஸை முதல்ல கழட்டு. அதோட என் படகுல ஏறாதே.”

ரெய்னோ போட்ட சத்தத்தில் ஹெல்மி திடுக்கிட்டாள். அவன் தம்பி மனைவி அவள். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸும், முதுகில் புடைத்த பையுமாகக் காலை ஆறு மணிக்கே ஏரிக்கரைப் படகுக் கொட்டகைக்கு வந்து நின்றாள்.

“தண்ணி ஐஸா இருக்கே அத்தான். கால் நனையக் கூடாதுன்னுதான்...”

“நனையட்டும். கால் நனைஞ்சு யாரும் சாகலை. படகு கவுந்தா இந்தப் பூட்ஸுக்குள்ள தண்ணி ரொம்பிடும். கல்லைக் கட்டிக்கிட்டு முங்கற மாதிரிதான்.”

“கழட்டிட்டா?”

“என்ன?”

“தண்ணிக்குள்ளயே கழட்டி விட்டுட்டா பொழைச்சுக்கலாமா?”

“நீச்சல் தெரிஞ்சவன், கரை பக்கத்துல இருந்தா பொழைக்கலாம். நீ எங்க? குளிக்கிற தொட்டியிலயே கைப்பிடியை விடமாட்டே.”

சிரிப்பாள் என்று நினைத்தான். அவள் சிரிக்கவில்லை. மெல்லத் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டாள்.

இருபத்தாறு வருடமாகப் படகு வாடகைக்கு விடுகிறவன் ரெய்னோ. ஏரியைப் பார்த்துப் பயந்ததே இல்லை. இன்றைக்குப் பயமாக இருந்தது.

பனி உடைந்ததும் முதல் படகு யாருடையது என்று இந்த ஊரில் வருடா வருடம் போட்டா போட்டி. அக்கரைக் குடிசைச் சுவரில் முதலில் பெயர் எழுதுகிறவன் அந்த வருடம் முழுக்க மீசையை முறுக்கிக்கொண்டு திரியலாம். ஆனால் வடக்கே இன்னும் பனி பாளம் பாளமாக மிதந்துகொண்டிருந்தது. காற்று திரும்பினால் அத்தனையும் வந்து வழியை அடைத்துவிடும். தண்ணீரில் விழுந்தால் பத்தே நிமிடத்தில் கை கால் மரத்துப்போகும். இவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது? எப்படியாவது இவளை இந்தக் கரையிலேயே நிறுத்திவிட வேண்டும்.

“இதோ பார். பாதி வழியில தரை குறுக்கிடும். படகைத் தலைமேல கவுத்துக்கிட்டு காட்டுக்குள்ள ரெண்டு மைல் நடக்கணும். படகை நான் தூக்கிட்டு வருவேன். ரெண்டு பையும் உன் தலையில. இறக்கி வெச்சுட்டு இன்னொரு நடை வர்றதெல்லாம் கிடையாது. முடியுமா?”

“தூக்கறேன்.”

அவன் போட்ட கணக்கு தப்பிவிட்டது. எரிச்சலோடு அவள் பையைப் பிரித்தான்.

“இரும்புச் சட்டி எதுக்கு? அங்க போய் ஓட்டல் வைக்கப் போறியா?”

“எடுத்துடுங்க.”

“தலையணை வேறயா! மகாராணி தலையணை இல்லாம தூங்க மாட்டாங்களோ?”

“அதையும் எடுத்துடுங்க.”

அவளுடைய இரண்டு ஸ்வெட்டர், மாற்றுக் கால்சட்டை, கம்பளி எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. எதற்கும் அவள் வாதாடவில்லை.

“கறுப்பு ரொட்டி ஆறா? ரெண்டு பேர் இதை எப்பத் தின்னு முடிக்கிறது?”

“அது இருக்கட்டும் அத்தான். பசிக்கும்.”

அலமாரியிலிருந்து ஒரு ஜோடி லேசான ஷூவை எடுத்து அவள் முன்னால் போட்டான்.

“இதைப் போடு. உள்ள போற தண்ணி வெளிய வந்துடும். உள்ளுக்குக் கம்பளி சாக்ஸ். அது நனைஞ்சாலும் சூடு தரும். ராத்திரி மாத்திக்க ஒரு காஞ்ச ஜோடி. போதும்.”

அவள் குனிந்து கயிற்றைக் கட்டினாள். முடிச்சு மூன்று தரம் நழுவியது.

“ஒரு முடிச்சுப் போட இவ்வளவு நேரமா?”

“பயமா இருக்கு.”

“பயமா இருந்தா வீட்டைப் பார்த்துப் போயேன். நான் ஒருத்தனே போய்ட்டு நாளைக்கு வந்துடறேன்.”

“நீங்களுந்தான் பயப்படறீங்க. நேத்துலேர்ந்து என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசலை. எனக்குத் தெரியாதா?” என்றாள் நிமிராமலே. “நான் வருவேன் அத்தான்.”

ரெய்னோ பையைத் தூக்கிப் பார்த்தான். அப்போதும் கனத்தது. அடிவரை கையை விட்டுத் துழாவினான். துண்டில் சுற்றிய ஏதோ தட்டுப்பட்டது. உருவி எடுத்தான்.

ஆண்கள் போடுகிற தோல் ஷூ. பெரிய அளவு. உள்ளே கம்பளி சாக்ஸ் திணித்திருந்தது.

“இது யாருக்கு? இதுல உன் ரெண்டு காலும் ஒண்ணா...” என்று ஆரம்பித்தவன், அது யாருடையது என்று தெரிந்ததும் அவசரமாகத் திரும்பத் துண்டில் சுற்றப் போனான்.

ஹெல்மி பாய்ந்து வந்து அதைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“இதை மட்டும் எடுக்காதீங்க! பூட்ஸ் ரெண்டுமே கரை ஒதுங்கியிருக்கே அத்தான். ரெண்டும் தானாவா கழண்டிருக்கும்? அவரேதான் கழட்டி விட்டிருக்கார். என் வெய்கோவுக்கு நீச்சல் தெரியும். அந்தக் காட்டுவழியில வெறுங்காலோட அவர் எப்படி நடந்து வருவார்?”

முதல் படகு தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று, பனி முழுக்க விலகும் முன்பே ஆறு நாளுக்கு முன்னால் கிளம்பிப் போனவன் தம்பி வெய்கோ. கவிழ்ந்த படகும் பூட்ஸும் நேற்றுக் கரை ஒதுங்கியதிலிருந்து, தம்பியின் உடலைக் கிடத்திக் கொண்டுவர இடம் வேண்டும் என்றுதான் ரெய்னோ சாமான்களைக் குறைத்துக்கொண்டிருந்தான்.